பெரியவருக்குப் பரிவட்டம்

என் தங்கை ரோகிணியின் வீட்டுக்காரர் அருள்பாண்டிக்குக் கால்சட்டைப் பை எந்நேரமும் கனத்துத் தொங்கும். மாப்பிள்ளை கையில் காசு புரளுகிறதென்று ஊரில் சிலர் அவரிடம் கைமாத்துக் கேட்டு ஏமாந்திருக்கிறார்கள். உள்ளே இருப்பதெல்லாம் ஈயம்.

கப்பலூரில் நாலுவழிச் சாலையோரம் ஒரு டயர் கடையில் அவருக்கு வேலை. சக்கரம் ஆடாமல் ஓடுவதற்காக அதன் விளிம்பில் சின்னச் சின்ன ஈயத்துண்டு அடிப்பார்கள். புதுசு அடிக்கும்போது பழசைக் கழற்றி மூலையில் எறிவார்கள். "எடுத்துட்டுப் போய்யா, குப்பை குறையும்" என்று முதலாளி ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டார். அன்றைக்குப் பிடித்தது சனி.

எங்கள் ஊர் டி. கல்லுப்பட்டிக்குப் பக்கம். மாப்பிள்ளை வாடிப்பட்டிக்காரர். கல்யாணம் முடிந்து வேலைக்குப் பக்கமாக இருக்கட்டுமென்று எங்கள் ஊரிலேயே தங்கிவிட்டார். வீட்டோட மாப்பிள்ளை என்று சொன்னால் கோபம் வரும், அதனால் அடிக்கடி சொல்வேன்.

சாயங்காலம் வேலைவிட்டு வந்ததும் மாட்டுக்கொட்டத்துக்குப் பின்னால் அடுப்பு மூட்டி ஈயம் உருக்குவார். ஈயப்புகை உடம்புக்கு ஆகாதென்று ரோகிணி போனில் பார்த்துவிட்டுப் பெரிய சட்டமே போட்டிருந்தாள். முகத்தில் மாஸ்க், கையில் உறை, முடிந்ததும் குளித்துவிட்டுத்தான் வாசற்படி ஏற வேண்டும். ஓட்டை விழுந்த இரும்புக் கடாய் ஒன்றை அடைத்துக் கொடுத்து, "இது சமையக்கட்டுப் பக்கம் வந்துச்சு, அப்புறம் உங்களுக்குச் சோறு இதுலதான்" என்றும் சொல்லியிருந்தாள்.

அவர் வார்ப்பது ஜிக். அது வேறொன்றுமில்லை, கெண்டைக்குஞ்சு மாதிரி ஈயத்தில் ஒரு பொம்மை, அதன் வயிற்றிலேயே பதித்த கொக்கி. தூண்டில் நரம்பில் கட்டித் தூர வீசி, சுண்டிச் சுண்டி இழுத்தால், நிஜக் குஞ்சு துள்ளுகிறதென்று நம்பிப் பெரிய மீன் வந்து கவ்வும். கவ்வ வேண்டும். உருகிய ஈயத்தின் மேல் மிதக்கும் கசடைக் கரண்டியால் வழித்துவிட்டு, பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவார். ஒருதரம் அச்சு ஈரமாக இருந்திருக்கிறது. ஊற்றியதும் படாரென்று தெறித்து, மனுசனுக்கு ஒன்றும் ஆகவில்லை, லுங்கி சல்லடையாகிவிட்டது. ஆறினதும் ஒவ்வொன்றுக்கும் கண் வரைவார். எதனால்? ரோகிணியின் நகப்பாலிஷால். கண் இல்லாவிட்டால் மீன் நம்பாதாம்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கண்மாய்க்குக் கிளம்பிவிடுவார். பொழுது சாய, அறுந்த நரம்பும் வெறுங்கையுமாக வருவார். முகத்தில் மட்டும் அப்படியொரு வெளிச்சம்.

"மச்சான், பெரியவரு இன்னைக்கும் ஜிக்கை வாங்கிட்டுப் போயிட்டாரு."

பெரியவர் என்பது கண்மாயில் குடியிருப்பதாக மாப்பிள்ளை சொன்ன ஒரு விரால். முதலில் முழங்கை நீளம் என்று காட்டினார். தை பிறப்பதற்குள் தொடை நீளம் ஆகிவிட்டது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவர் புளுகு வாரம் தவறாமல் வளர்ந்தது.

எங்களுக்கு அது சிரிப்பு. ரோகிணிக்கு அப்படி இல்லை. கண்மாய்க்கு அந்தக் கரையில் ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையானால் அங்கே சீட்டுக் கச்சேரி நடக்கும். அதில் உட்கார்ந்து குடும்பத்தைத் தொலைத்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

"ஒரு அயிரைகூட வீட்டுக்கு வந்ததில்லண்ணே. இம்புட்டு உருக்குறாரே, அம்புட்டும் எங்க போகுது? இவரு கண்மாய்க்குத்தான் போறாரா, தோப்புக்குப் போறாரா?" என்று கேட்டவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அவள் அழுதால் எனக்குப் பொறுக்காது. நேரே போய்ப் பார்த்துவிட வேண்டியதுதானே என்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு தின்றுவிட்டு எவனய்யா வெயிலில் கரையேறுவான்? அன்று சாயங்காலமே மாப்பிள்ளையை உட்காரவைத்துக் கேட்டேன். அவருக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"சீட்டா? நானா? கண்மாய் வத்தட்டும் மச்சான். பெரியவரு மட்டும் அதுல இல்லேன்னா, இனி ஈயச்சட்டியை நான் கையால தொட மாட்டேன். இது சத்தியம்!"

"நான் கேக்குறது பெரியவர இல்ல. உங்கள" என்றாள் ரோகிணி. அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

இந்த வருஷம் மழை பொய்த்துக் கண்மாய் வற்றியது. நடுவில் மட்டும் இடுப்பளவு கலங்கல் தண்ணீர் கிடந்தது. மீன்பிடித் திருவிழாவுக்கு நாள் குறித்தார்கள். அன்றைக்கு யார் வேண்டுமானாலும் இறங்கிப் பிடிக்கலாம். பிடித்ததை விற்கக் கூடாது, ஆக்கித் தின்ன வேண்டும், கிடைக்காத வீட்டுக்குக் கொடுக்க வேண்டும்.

கரைச்சாமிக்குத் தேங்காய் உடைத்து, எங்கள் பெரியப்பா காசிமாயன் வெள்ளைத் துண்டை வீசியதும் சனம் தபதபவென்று இறங்கியது. மாப்பிள்ளை எல்லோருக்கும் முன்னால் நட்டநடுவுக்கு ஓடினார். ரோகிணி கரையிலேயே நின்றாள். மீன் எதையும் அவள் பார்க்கவில்லை, புருசனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் எங்கள் பங்காளி சோலை அலறினான். "ஆத்தாடி! காலுல என்னமோ குத்துதுடா!"

நாலைந்து பேர் கைவைத்துத் தடவி, கயிறு கட்டி இழுத்தார்கள். புயல் வருஷத்தில் சாய்ந்து தண்ணீருக்குள் போன கருவேலமரம் அது. எங்களுக்கே மறந்துபோயிருந்தது. வெளியூர்க்காரருக்கு எங்கே தெரியும்? மரம் பாதி மேலே வந்தது. கொப்புக்குக் கொப்பு, தோடு போட்ட மாதிரி ஜிக்குகள் தொங்கின. எல்லாம் கண்ணை முழித்து எங்களைப் பார்த்தன.

"பெரியவரு கிடைச்சுட்டாருப்பா!" என்றான் சோலை.

அவ்வளவுதான், கண்மாயே சிரித்தது. பெரியப்பா அதே வெள்ளைத் துண்டோடு சேற்றில் நடந்து வந்தார். அதை நீளவாக்கில் மடித்து, மரத்தின் தலையில் பரிவட்டமாகக் கட்டினார். "ஊர் மாப்பிள்ள கையால இம்புட்டு நாளா வாங்கித் தின்ன மகராசன். முதல் மரியாதை இவருக்குத்தான்" என்றார். நான் சிரித்த சிரிப்பில் சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

மாப்பிள்ளை மானம் கப்பலேறிவிட்டது. மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இழுத்துச்சு மச்சான். நெசமாவே இழுத்துச்சு" என்றார் என்னிடம். கொப்பு வளைந்து கொடுத்திருக்கும். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று, பாவமாக இருந்தது.

அப்போதுதான் ரோகிணி சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு சேற்றில் இறங்கி வந்தாள். போச்சு, நாலு பேர் முன்னால் கிழிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் நேரே மரத்துக்கிட்டே போனாள். ஜிக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மடியில் போட்டாள். ஒன்றைக் கையில் வைத்துத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

"இது தீவாளிக்கு வாங்குன பாலிசு" என்றாள். இன்னொன்றைக் கழற்றினாள். "இந்த ரோஸு பொங்கலுக்கு வாங்குனது. இது மாசித் திருவிழாவுல." அப்புறம் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப எல்லா வாரமும் இங்கதான் இருந்திருக்கீக."

"வேற எங்க இருப்பேன்?" என்றார் அவர்.

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மூக்கைச் சேலையில் துடைத்தாள். ஊரெல்லாம் பார்த்துச் சிரித்த மரம் என் தங்கை வயிற்றில் பால் வார்த்துவிட்டது.

மாப்பிள்ளைக்கு அன்று ஒரு மீனும் கிடைக்கவில்லை என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. சோலை வீட்டிலிருந்து கெண்டை வந்தது. குழம்பைத் தொட்டுக்கொண்டு குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்.

"சத்தியம் பண்ணிட்டேன். சட்டியை இனித் தொட மாட்டேன்."

"நீங்கதான தொடக் கூடாது?" என்றாள் ரோகிணி.

மறுநாள் சாயங்காலம் நான் போனபோது, கொட்டத்துக்குப் பின்னால் மாஸ்க்கும் கையுறையும் போட்டுக்கொண்டு அவள்தான் ஈயம் உருக்கிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "அச்சு காஞ்சிருக்கா பாரு, காஞ்சிருக்கா பாரு" என்று நாலெட்டு தள்ளி நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, கண்மாய் பெருகுறதுக்கு முன்னாடி அந்த மரத்தை வெட்டி எடுத்துரலாம்னு பெரியப்பா சொல்றாரு" என்றேன்.

"வேணாம்ணே" என்றாள் அவள், கரண்டியை விடாமல். "அது அங்கயே கிடக்கட்டும். இவரு எங்க போனாருன்னு எனக்குச் சொல்ல ஆள் வேணும்ல?"