நோன்புப் பந்தியில் இரண்டு கரண்டிக் கொழுப்பு

ரதோய்க்காவின் வீட்டுக்குக் குலப்புனிதர் நிக்கோலா. அவருடைய நாள் டிசம்பர் நோன்புக்குள் வருகிறது. இறைச்சி, பால், முட்டை எதுவும் பந்தியில் ஏறக்கூடாது. மீனும் எண்ணெயும் ஆகும். அன்றைக்கு யாரையும் அழைப்பதில்லை. ஆனால் வந்தவர் யாரானாலும் வயிறு நிறைந்துதான் போக வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் தரை துடைக்கும் சம்பளத்தில் ரதோய்க்கா இதை ஆண்டுதோறும் நடத்திவந்தாள். மீன்காரனிடம் தலைகளைக் கேட்டு வாங்கி சூப் வைப்பாள். முட்டைக்கோஸ் இலையில் அரிசியும் அக்ரூட்டும் வைத்துச் சுருட்டுவாள். வெங்காயத்தோடு அடுப்பில் வெந்து, மேலே பொருக்குக் கட்டிய அவளுடைய பீன்ஸுக்காகவே ஆட்கள் வருவார்கள். "அவ கையில காசு நிக்காது, ருசி நிக்கும்" என்று தெருவில் ஒரு பேச்சு. அந்தப் பேச்சுதான் அவளுக்குச் சொத்து.

அந்த ஆண்டு கணவன் மிலிசாவ் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். வாங்க முடிந்த ஒரே கெண்டையை மெல்லிசாக நறுக்கி உருளைக்கிழங்கின்மேல் பரப்பினாள். பீன்ஸ் முறை வந்தபோது எண்ணெய்ப் புட்டி காலி. தங்கை ஊரிலிருந்து அனுப்பிய பன்றிக்கொழுப்பு மட்டும் ஜாடி நிறைய இருந்தது. வறண்ட பீன்ஸ் இல்லாமையைக் காட்டிக்கொடுத்துவிடும். எதிர்வீட்டில் போய் எண்ணெய் கேட்பது அதைவிடக் கேவலம். ஒரு கரண்டி போட்டாள். பிறகு இன்னொன்று.

"ஒத்த மீன வச்சுத் தெருவுக்கே சாப்பாடு போட்டுட்டீங்களே அண்ணி! பைபிள்லதான் இப்படிக் கேட்டிருக்கேன்" என்றான் கொழுந்தன் ஸ்ரெத்தென்.

"நீ திங்கிற வேகத்துக்கு அந்த ஆண்டவரே வந்தாலும் பத்தாதுடா" என்றான் மிலிசாவ். மேசை சிரித்தது.

எதிர்வீட்டு வுக்கோசாவா துடைத்த தட்டை நீட்டினாள். "இன்னுங் கொஞ்சம் பீன்ஸ் வைடி. அப்படி என்னதான் போட்ட? வர்ற திங்கக்கிழமை மகளுக்கு ஆபரேஷன். நோன்பு தப்பக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டு நாக்கைக் கட்டிப் போட்டிருக்கேன். இன்னிக்குத்தான் சோறு சோறா இருக்கு."

ரதோய்க்காவின் கரண்டி பாதியில் நின்றது. வைத்துவிட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை.

"வேணாங்க்கா. அதுல பன்னிக்கொழுப்பு இருக்கு. எண்ணெய் தீந்துபோச்சு."

ஸ்ரெத்தென் வாயிலிருந்ததை விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் விழித்தான். வுக்கோசாவா காலித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாலு எட்டுல இருக்கேன். ஒரு வார்த்தை கேட்டா எண்ணெய் தரமாட்டேன்னா சொல்லுவேன்?"

கேட்க வெட்கப்பட்ட ஒரு கிண்ணம் எண்ணெய்க்காக ஒரு தாயின் வேண்டுதலை உடைத்தாயிற்று.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பிறகும் எதிர்வீட்டு ஜன்னலை ரதோய்க்காவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மறு ஆண்டு நிக்கோலா நாளன்று, அடுப்புப் பற்றவைக்கும்போதே வுக்கோசாவா வந்தாள். கோட்டுக்குள்ளிருந்து எண்ணெய்ப் புட்டி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள்.

"பீன்ஸுக்கு."

இந்த முறை முதல் வேலையாக ரதோய்க்கா வாங்கிவைத்த இரண்டு எண்ணெய்ப் புட்டிகள் அலமாரியில் இருந்தன. அவள் அலமாரிக் கதவை மெல்லச் சாத்தினாள். வுக்கோசாவா கொண்டுவந்ததைத் திறந்து, அவள் கண்ணெதிரிலேயே பீன்ஸ் சட்டியில் ஊற்றினாள்.