கொட்டகைக்கு எந்த ஸ்விட்ச்

ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்று மல்லசமுத்திரம் பக்கத்தில் நான்கு புறமும் மூடி, விசிறியால் குளிரவைக்கும் கோழிக் கொட்டகை வைத்திருக்கிறேன். படித்தவர்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். யாரிடமும் யோசனை கேட்டு நான் எதையும் வாங்கியதில்லை.

நெட்வொர்க் ஸ்விட்சையும் அப்படித்தான் வாங்கினேன். கேமரா, விசிறிகளை ஓட்டும் பெட்டி, ஆபீஸ் கம்ப்யூட்டர், எல்லா வயரும் வந்து சேரும் இடம் அது. சொருகினால் ஓடும் சாதா ரகம் ஒன்று. எந்த வயரில் கோளாறு என்று வெளியிலிருந்தே காட்டி, அதை மட்டும் நிறுத்திவைக்கும் மேனேஜ்டு ரகம் ஒன்று. ஆபீஸைப் பார்த்துக்கொள்ளும் மருமகள் இரண்டாவதைக் கேட்டாள்.

"மேய்க்க ஆள் வேணும்ங்கற பெட்டி நமக்கெதுக்கு சாமி?"

"கோளாறு வந்தா உக்காந்த எடத்துலயே பாக்கலாமுங்க மாமா."

"வரட்டும். நான் பாத்துக்கறேன்."

கோளாறு சித்திரை வெயிலில் வந்தது. ஒரு மத்தியானம் ஆபீஸ் திரையில் கொட்டகையின் சூடும் தெரியவில்லை, கேமராவும் தெரியவில்லை. விசிறி நின்றால் போனுக்கு எச்சரிக்கையும் வராது. மூடிய கொட்டகையில் விசிறி நின்றால் ஒரு சொம்பு மோர் குடித்து முடிப்பதற்குள் கோழி சாய ஆரம்பிக்கும்.

மருமகள் போன் போட, ஸ்விட்சை மாட்டிக்கொடுத்த நெட்வொர்க்குக்காரர் பைக்கில் பறந்து வந்தார். கேட்டிலேயே மறித்தேன்.

"காத்தால எங்கிருந்தீங்க தம்பி?"

"ஆட்டையாம்பட்டில ஒரு பண்ணைலதானுங்கய்யா."

"அப்ப அங்கயே நில்லுங்க."

"குளிச்சிட்டு வாரேனுங்க."

"கோழிக்குச் சளி புடிச்சா நீங்களா வந்து மூக்குத் தொடைப்பீங்க?"

வேறு பண்ணைக்குள் போனவரை அன்றைக்கு உள்ளே விட மாட்டோம். நோய் கூடவே வரும். சொந்த மச்சானையே கேட்டுக்கு வெளியே நிறுத்திப் பேசுகிறவர்கள் நாங்கள்.

"அப்ப ஆருங்க மாமா உள்ள போறது?" என்றாள் மருமகள்.

நானே போனேன். போனைக் காதில் வைத்துக்கொண்டு கேட்டிலிருந்து அவர் சொல்லச் சொல்ல வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். எல்லாம் ஒரே நீலம். ஸ்விட்சில் விளக்குகள் பைத்தியம் பிடித்த மாதிரி சிமிட்டின. கடைசியில் பார்த்தால், ஒரே வயரின் இரண்டு முனையும் அதே ஸ்விட்சில் சொருகியிருந்தன. போன சேதியே சுற்றிச் சுற்றி வந்து மற்ற வயர்களை அடைத்துவிட்டதாம். முனை தொங்கினால் எலி கடிக்கும் என்று கொட்டகையைக் கூட்டுகிறவர்கள் சொருகியிருக்க வேண்டும். பிடுங்கியதும் விளக்குகள் அடங்கின.

அதற்குள் மேற்கு மூலையில் ஒரு விசிறி நின்று எவ்வளவு நேரமோ. அங்கே கோழிகள் இறக்கையை விரித்து இரைத்துக்கொண்டிருந்தன. கூண்டுகளின் கீழ்வரிசையில் பல அசையவில்லை.

அந்த வாரமே மேனேஜ்டு ஸ்விட்ச் வந்தது. இப்போது எவனாவது வயரைத் தப்பாகச் சொருகினால் அந்த ஒன்றை மட்டும் அது அடைத்துவிடுகிறது. ஆனால் அதைத் திறக்கும் பாஸ்வேர்டு மருமகளிடம் இருக்கிறது. எனக்கும் சொன்னாள், இங்கிலீஷ் எழுத்து, நாக்கில் நிற்கவில்லை. அவள் சேலத்துக்குப் போகும் மத்தியானங்களில் கொட்டகைச் சுவரோரம் நாற்காலியைப் போட்டு, விசிறிகள் ஓடும் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருக்கிறேன்.