அழி என்றேன், அறுத்துவிட்டார்!

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். எதற்கெடுத்தாலும் பயப்படுவேன். தேங்காய்ப்பட்டணத்தில், சென்னையிலிருந்து வந்து தங்கியிருக்கும் ஒரு சாரின் பாய்மரப் படகில் வேலை. கடலுக்குப் போகும்போதெல்லாம் உபரியாக ஒரு கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொள்வேன். "என்னப்பா, அரைஞாணா? இவ்ளோ தடியா இருக்கு!" என்று சார் சிரிப்பார்.

போன மாதம் திரும்பி வரும்போது காற்று வலுத்தது. இன்ஜினும் கிளம்பவில்லை. பெரிய பாய்களை இறக்கிவிட்டு, பாய்மரத்துக்கு முன்னால் இருக்கும் ஸ்டேசெயில் என்ற சின்னப் பாயை மட்டும் வைத்துக்கொண்டு துறைமுக வாயை நெருங்கினோம். திடீரென்று காற்று ஓங்கி அடித்தது. படகு சாய்ந்தது. அந்தப் பாயைப் பிடித்திருக்கும் ஒற்றைக் கயிற்றைத் தளர்த்தினால் நிமிர்ந்துவிடும். முன்னால் நின்ற நான், "சார், கயித்த அழிங்க!" என்று கத்தினேன்.

எங்கள் ஊரில் அழி என்றால் அவிழ். சாருக்கோ அழி என்றால் ஒழி. கத்தியை எடுத்து அறுத்தே விட்டார்!

படகு நிமிர்ந்தது. ஆனால் பிடிப்பில்லாத பாய் படபடவென்று அடிக்க, அலைதடுப்புப் பாறைகளை நோக்கி ஒதுங்கினோம். இடுப்புக் கயிற்றை உருவி, பாயின் மூலையில் முடிந்து, மறுமுனையைச் சாரிடம் எறிந்தேன். "இழுங்க சார்!" இழுத்தார். பாய் காற்றைப் பிடித்தது. படகு பாறையை விட்டு விலகியது.

கரையில் எல்லாரிடமும், "இவன் கயிறுதான்யா காப்பாத்துச்சு" என்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

இப்போது நான் 'அவுத்து விடுங்க' என்றுதான் சொல்கிறேன். சார்தான், "அழிக்கட்டுமா மக்கா?" என்று கேட்டுவிட்டு அவிழ்க்கிறார். அவர் இடுப்பிலும் ஒரு கயிறு.