ஒன்பதாம் மாதம் கூடிய எலும்பு

அறுபத்தாறாம் வருஷம் ஆடி மாதம், பட்டப்பகலில், நடுரோட்டில், என் இரண்டு கால்களையும் இரும்புக் குழாயால் அடித்து ஒடித்தார்கள். ஆறு மாதம் ஆகியும் எலும்பு கூடவில்லை. வலது காலை எடுத்துவிட வேண்டியதுதான் என்று சொல்லும் நிலைமை வந்தது. இன்றைக்கு நடக்கிறேன். நம் மன்றத்துக் கிருத்திகை பஜனைக்கு இந்தக் கால்களால் நடந்துதான் வருகிறேன். முருகன் எனக்குச் செய்ததைக் குழந்தைகளுக்குப் புரியும்படி எழுதித் தர மன்றத்தார் சொன்னார்கள். நான் ஐந்தாவது வரை படித்தவன். தப்பு இருந்தால் உங்கள் வாத்தியாரிடம் கொடுத்துத் திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் எதையும் மறைக்காமல் எழுதுகிறேன். மறைத்தால் அது முருகனுக்குச் செய்யும் துரோகம்.

எனக்குச் சொந்த ஊர் சாமளாபுரம். நெசவுக் குடும்பம். கல்யாணத்துக்கு முன்பே திருப்பூருக்கு வந்து பனியன் கம்பெனியில் சேர்ந்தேன். நிட்டிங் மெஷின் ஓடும் அறைக்கு மேஸ்திரி ஆனேன். நூல் சுற்றிச் சுற்றி வந்து கீழே துணியாக இறங்கும் அறை அது. காய்ந்த காற்று உள்ளே வந்தால் நூல் அறும். நூல் அறுந்தால் துணியில் ஓட்டை விழும். அதனால் எந்தக் கம்பெனியிலும் அந்த அறையின் ஜன்னலைத் திறக்க மாட்டோம். ஆடிக் காற்றில் ஈரச் சாக்கும் கட்டித் தொங்கவிடுவோம். விடிவதற்கு முன் உள்ளே போனால் இருட்டிய பின்தான் வெளியே வருவேன். சோறும் உள்ளேதான். பதினோரு வருஷம் அப்படி இருந்தேன். ஊர்ப்பக்கம் விசேஷத்துக்குப் போனால் பங்காளிகள், "ஏனப்பா, வெள்ளைக்காரனாட்டம் வெளுத்துப் போயிட்டே" என்று கேலி செய்வார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது. படி ஏறினால் இடுப்பு வலித்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது சொல்ல வெட்கமாக இருப்பதைச் சொல்கிறேன். நான் அடிப்பேன். பழைய மெஷின் பெல்ட் ஒன்றைத் தோளில் போட்டிருப்பேன். துணியில் ஓட்டை விழுந்தால் மெஷின்காரன் முதுகில் அது விழும். வாயில் ரத்தம் வருகிற மாதிரி அறைந்திருக்கிறேன். அடிக்காவிட்டால் வேலை நடக்காது என்று உண்மையாகவே நம்பினேன். நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டுதான் அடித்தேன்.

நாகராசு என்று ஒரு மெஷின்காரன். குண்டடத்துப் பக்கம் காட்டுவேலை செய்த பையன். மூச்சு முட்டுகிறது என்று அடிக்கடி ஜன்னலைத் திறப்பான். அந்த ஆடியில் ஒருநாள் திறந்துவிட்டு, கையை ஜன்னல் கட்டையில் வைத்துக்கொண்டு நின்றான். "வெயில் வேணுமுன்னா போயி ஆடு மேய்டா" என்று சொல்லிக்கொண்டே கதவை ஓங்கி அடித்துச் சாத்தினேன். அவன் விரல்கள் உள்ளே இருந்தன. இருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சாத்தினேன். இரண்டு நகம் பிய்ந்தது. ஒரு விரல் நசுங்கியது. அவன் கத்தவில்லை. என்னையே பார்த்தான். நான் அவனைக் கம்பெனியை விட்டுத் துரத்தினேன்.

நாலாம் நாள் மத்தியானம் நூல் பார்க்க சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து உதைத்துத் தள்ளினார்கள். நாகராசும் அவன் மச்சானும். மச்சான் என் மார்பின்மேல் உட்கார்ந்தான். நாகராசு கையில் தண்ணீர் போகும் இரும்புக் குழாய். துணி சுற்றிய கையால் பிடித்திருந்தான். முதல் அடி வலது முழங்காலுக்குக் கீழே. காய்ந்த விறகை மிதித்து ஒடிக்கும் சத்தம் கேட்டது. அது என் கால் என்று புரியக் கொஞ்ச நேரமானது. எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. அப்புறம் இடது கால். அதில் மூன்று அடி. டீக்கடையில் ஆட்கள் நின்றார்கள். ஒருவரும் வரவில்லை. அவர்களில் என்னிடம் அடி வாங்கியவர்களும் இருந்தார்கள்.

நாகராசு என் முகத்தருகே குனிந்தான். சத்தமே போடாமல் கேட்டான்.

"வலிக்குதுங்களா, மேஸ்திரி?"

மரியாதையில் ஒரு எழுத்துக்கூடக் குறையவில்லை. எனக்கு வாயில் மண்ணும் ரத்தமும் இருந்தன.

போலீஸ் அவனைப் பிடித்தது. ஆறு மாதம் உள்ளே போனான். என்னை எலும்புக்குக் கட்டுப் போடுகிறவரிடம் தூக்கிப் போனார்கள். மூங்கில் தப்பை வைத்து, எண்ணெய்த் துணி சுற்றிக் கட்டினார். வெயிலும் காற்றும் படக்கூடாது, இருட்டறையில் படுக்க வேண்டும் என்றார். படுத்தேன். ஆவணி போனது, புரட்டாசி போனது. கட்டை அவிழ்த்தபோது, மூட்டே இல்லாத இடத்தில் என் வலது கால் மடங்கியது. புண்ணில் சீழ் வைத்திருந்தது. ஐப்பசியில் கோயமுத்தூருக்குக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரியில் புண்ணைக் கழுவி, மாவுக்கட்டுப் போட்டு, ஒரு பாட்டில் மீன் எண்ணெயும் கொடுத்து, தினமும் குடிக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

குழந்தைகளே, நான் செய்த பெரிய தப்பு இங்கேதான். ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே நான் ஒரு வேண்டுதல் வைத்திருந்தேன். பழனி மலையை நடந்து ஏறும் வரை கவுச்சி தொட மாட்டேன் என்று. அதனால் அந்த எண்ணெயைக் குடிக்கவில்லை. என் மனைவியிடம் தினமும் ஒரு கரண்டி, கொல்லையில் முருங்கை மரத்தடியில் ஊற்றச் சொன்னேன். மாதா மாதம் ஆஸ்பத்திரியில், "குடிக்கிறனுங்க" என்று பொய் சொன்னேன். பாட்டில் தீர்ந்தால் அடுத்த பாட்டில் கொடுத்தார்கள். அதுவும் மரத்துக்கே போனது. முருகனுக்காக மருந்தையே தள்ளி வைத்த பக்தன் என்று எனக்குள் ஒரு கர்வம்.

அந்தக் கர்வத்தோடு நான் என்ன ஜெபித்தேன் தெரியுமா? காலையில் நூற்றெட்டு முறை முருகா என்பேன். முடிவில் இப்படிக் கேட்பேன்: "எனக்குக் காலைக் கொடு. நாகராசுக்குக் கையை எடு." மூன்று மாதம் இதுதான் என் பூஜை. அவன் கை எப்படியெல்லாம் போக வேண்டும் என்று படுத்தபடியே கற்பனை செய்வேன். மெஷினில் மாட்டி, லாரிச் சக்கரத்தில் அகப்பட்டு, அரிவாளால். அதை நினைத்தால்தான் சோறு இறங்கியது.

தை மாதம் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார்கள். எலும்பு ஒட்டவே இல்லை. வலது கால் புண்ணும் ஆறவில்லை. இன்னும் ஒரு மாதம் பார்ப்போம், இப்படியே இருந்தால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வரும் என்று பெரிய டாக்டர் சொன்னார்.

தைப்பூசத்தன்று எங்கள் தெரு வழியே காவடி போனது. மேளச் சத்தம் கேட்டு, நான் பார்க்கட்டும் என்று என் மனைவி கட்டிலை வாசல் பக்கம் இழுத்தாள். கதவைத் திறந்தாள். வெயில் என் மேல் விழுந்தது. வெயில் படக்கூடாது என்று வைத்தியர் சொன்னது என் மண்டையில் ஏறியிருந்தது. கட்டில் அசைந்த வலி வேறு. பக்கத்தில் தண்ணீர்ச் செம்பு இருந்தது. பித்தளைச் செம்பு, நிறையத் தண்ணீர். எடுத்து எறிந்தேன். அவள் நெற்றியில் பட்டுப் புருவம் பிளந்தது. முகம் முழுக்க ரத்தம். கையால் பொத்தினாள். விரல் இடுக்கு வழியாக வழிந்து தரையில் கொட்டியது.

என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. அவள் அழவில்லை. தம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சுவரோரம் நின்றாள். கட்டிலிலிருந்து என் கை எவ்வளவு தூரம் எட்டும் என்று அவளுக்கு அளவு தெரிந்திருந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளி நின்றாள்.

என் மனைவி சேலைத் தலைப்பை நெற்றியில் அழுத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். அதுவரை அவள் என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

"அந்த நாகராசு எடம் தெரியாம அடிச்சுப்போட்டானுங்க. காலை உட்டுப்போட்டு உங்க கையை ஒடிச்சிருந்தா, நாங்களாச்சும் தப்பிச்சிருப்போமுங்க."

சொல்லிவிட்டுக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு தையல் போடப் போய்விட்டாள்.

காவடி தெருமுனை தாண்டிப் போய்விட்டது. நான் தனியாகக் கிடந்தேன். தரையில் அவள் ரத்தம். என்னால் இறங்கித் துடைக்கவும் முடியாது. நூற்றெட்டு முறை யாருடைய கையை எடுக்கச் சொன்னேனோ, அவன் கையைவிட மோசமான கை என் தோளிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அழுதேன். ஒடிந்த அன்றுகூட அப்படி அழவில்லை. முதல் தடவையாக வேறு ஜெபம் செய்தேன். கால் கேட்கவில்லை. "முருகா, கால் போனால் போகட்டும். என் கையைப் பிடி. இது இனி யார் மேலும் விழ வேண்டாம். என் வாயில் பொய் வேண்டாம்." அவ்வளவுதான் கேட்டேன். அப்படியே கதவு திறந்த வாசலில், வெயிலிலேயே கிடந்தேன்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் இல்லை. புதிதாக ஒரு அம்மா டாக்டர் இருந்தார். எண்ணெய் குடிக்கிறீர்களா என்று வழக்கம்போலக் கேட்டார். வாய் வழக்கம்போலத் திறந்தது. பொய் வரவில்லை. "இல்லீங்க. ஒரு கரண்டிகூட உள்ளே போகலீங்க. பொய் சொன்னனுங்க" என்று சொல்லிவிட்டேன். வேண்டுதல், முருங்கை மரம் எல்லாவற்றையும் சொன்னேன். நன்றாகத் திட்டு விழும் என்று இருந்தேன்.

"மரமாவது நல்லா வளந்துச்சா?" என்று கேட்டார் டாக்டர்.

என் மனைவி நெற்றித் துணியோடு நின்றிருந்தவள், "காய் புடிச்சிருக்குதுங்க" என்றாள். ஒரு வாரத்தில் அன்றுதான் அவள் வாய் திறந்தாள்.

அப்புறம் டாக்டர் கேள்வி மேல் கேள்வி கேட்டார். கால் ஒடிவதற்கு முன்பே இடுப்பு வலித்ததா, என்ன வேலை, எத்தனை மணிக்கு உள்ளே போவீர்கள், வெயிலில் கடைசியாக எப்போது உட்கார்ந்தீர்கள் என்று. படத்தைத் திரும்ப எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "எலும்பு ஒட்டணும்னா சுண்ணாம்புச் சத்து வேணும். அந்தச் சத்தை உடம்பு எடுத்துக்கணும்னா வைட்டமின் டி வேணும். வெயில் பட்டா தோலே அதை உண்டாக்கும். நீங்க பதினோரு வருஷம் வெயிலையே பாக்கல. ஒடிஞ்ச பிறகும் இருட்டுல படுத்தீங்க. மீன் எண்ணெயில அது இருக்கு. அதையும் மரத்துக்கு ஊத்திட்டீங்க. எலும்பு எதை வச்சு ஒட்டும்?"

மேலும் ஒன்று சொன்னார். மீன் சேராத வைட்டமின் டி மருந்தும் இருக்கிறதாம். முதல் நாளே உண்மையைச் சொல்லியிருந்தால் அதையே கொடுத்திருப்பார்களாம். மூன்று மாதம். குழந்தைகளே, என் பொய்யின் விலை அந்த மூன்று மாதம்.

அந்த மருந்து கொடுத்தார்கள். புண்ணுக்கு வேறு ஊசி போட்டார்கள். பாலும் ராகிக் கூழும் சாப்பிடச் சொன்னார்கள். தினமும் சட்டையைக் கழற்றிவிட்டு வெயிலில் உட்காரச் சொன்னார்கள். அளவுக்கு மேல் மருந்தைத் தின்றால் அதுவும் கெடுதல் என்று டாக்டர் எச்சரித்தார். அதனால் நீங்களாக எதையும் வாங்கித் தின்னாதீர்கள். என் மனைவி கட்டிலைத் தினமும் வாசலுக்கு இழுத்துப் போட்டாள். எதிர் வீட்டு அம்மா, "ஏனுங்க, வடகம் காயப் போட்டாப்பல காயறீங்க" என்று சிரித்தார். கோபம் வந்தது. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பல நாள் அப்படித்தான் உட்கார்ந்தேன். வெயிலில் உட்காருவதைவிட அது கஷ்டம்.

மாசியில் புண் வாய் மூடியது. பங்குனியில் படம் எடுத்தார்கள். ஒடிந்த இடத்தைச் சுற்றி வெள்ளைப் புகை மாதிரி தெரிந்தது. அதுதான் புது எலும்பு என்றார் அம்மா டாக்டர். இரண்டு காலிலும். எழுந்து நின்றபோது வலி மண்டைக்கு ஏறியது. "முருகா" என்றேன். நூற்றெட்டு இல்லை, ஒரே ஒரு தடவை. மருந்துதான் எலும்பைக் கூட்டியது. எனக்குத் தெரியும். ஆனால் அந்த மருந்து என் வாய்க்கு வர, பொய் என் வாயைவிட்டுப் போக வேண்டியிருந்தது. அதைப் போகச் செய்தவன் முருகன். இதை யார் கேட்டாலும் சொல்வேன்.

தடி ஊன்றி நடக்க ஆரம்பித்தபின், ஒருநாள் பஸ் நிற்கும் இடத்தில் நாகராசு எதிரே வந்தான். ஜெயிலிலிருந்து வந்திருந்தான். நான் நின்றேன். அவனும் நின்றுவிட்டான்.

"கால் கூடிருச்சுங்களா?" என்றான்.

"கூடிருச்சு. உன் விரலு?"

"ஒண்ணு மடங்காதுங்க. மெஷினுக்கு ஆகாதுங்க."

என் கால் கூடியது. அவன் விரல் கூடவில்லை. அதற்கு மருந்தும் இல்லை. தெரிந்தேதான் கதவைச் சாத்தினேன், என்னை மன்னிச்சுக்கோ என்று ரோட்டில் நின்று கேட்டேன். அவன் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டான். இன்றுவரை அவனுக்காகத்தான் நான் முதலில் கும்பிடுகிறேன்.

மேஸ்திரி வேலை இப்போது இல்லை. துணி மடிக்கும் இடத்தில் இருக்கிறேன். என் கையிலிருந்து இந்த ஏழு வருஷத்தில் ஒரு அடியும் விழவில்லை. அடிக்கவே தோன்றவில்லை என்று சொன்னால் அது பொய்.

குழந்தைகளே, முருகனை நம்புங்கள். அடுத்தவனுக்குக் கெடுதல் கேட்காதீர்கள். டாக்டரிடம் உண்மையைச் சொல்லி, கொடுக்கிற மருந்தைக் குடியுங்கள். வெயிலில் போய் விளையாடுங்கள். உங்கள் வீட்டில் அப்பா கை ஓங்கினால், கோபம் இறங்கிய பிறகு இந்தத் தாளை எடுத்துப் போய் அவர் கையில் கொடுங்கள். நான் எழுதியது என்று சொல்லுங்கள். உங்கள் அப்பாக்களில் பாதிப் பேர் என்னிடம் வேலை பார்த்தவர்கள். அவர்கள் முதுகுக்கு என்னைத் தெரியும்.