வாலக்கா பின்னிய முதுகுத் துண்டு

நாங்கள் எல்லோரும் அவளை வாலக்கா என்றுதான் கூப்பிடுவோம். சேட்டைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். கையால் பின்னிய ஸ்வெட்டர் விற்கும் கடை எங்களுடையது. பின்னுகிற பெண்கள் வீட்டில் இருந்தபடியே பின்னி, முன்பக்கம், முதுகு, இரண்டு கை என்று தனித்தனித் துண்டாகப் பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஒரு நூல்கண்டு தீர்ந்து அடுத்தது தொடங்கிய இடத்திலெல்லாம் ஒரு சாண் நூல் தொங்கிக்கொண்டிருக்கும். அதற்குப் பெயர் வால். அந்த வாலை மழுங்கல் ஊசியில் கோத்து, துண்டின் உள்பக்கத்தில் கண்ணி கண்ணியாக மறைத்து ஓட்டி, எதிர்த்திசையில் திரும்பவும் ஓட்டி, துணியை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு மிச்சத்தை ஒட்ட நறுக்குவதுதான் அக்காவின் வேலை.

முடிச்சு மட்டும் போடவே மாட்டாள். "முடிச்சு முதுகுல உறுத்தும். மனுஷனுக்கு இருக்கிற உறுத்தல் போதாதா?" என்பாள். அறையில் யாராவது குரலை உயர்த்தினால் கத்தரியைத் தூக்கிக் காட்டி, "என்கிட்ட வாலாட்டாதீங்க, ஒட்ட நறுக்கிருவேன்" என்பாள். முதலாளியம்மாவுக்கே இதைச் சொல்லியிருக்கிறாள்.

வால் முடிந்தால் பலகை. துண்டை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டு, துவாலையில் சுருட்டி ஈரத்தை ஒற்றி, பலகையில் விரித்து, அளவு நாடாவை வைத்து இழுத்து இழுத்துச் சுற்றிலும் குண்டூசி குத்திக் காயவிடுவாள். கோணல்மாணலாக வந்த துண்டு காய்ந்து எழும்போது வெட்டி வைத்ததுபோல நேராக இருக்கும். புது நூல் எது வந்தாலும் முதலில் ஒரு வாலை நறுக்கி நெருப்பில் காட்டிப் பார்ப்பாள். முடி கருகும் நாற்றத்தோடு சாம்பலாக உதிர்ந்தால் கம்பளி. பிளாஸ்டிக் வாடையோடு உருகிக் கட்டிதட்டினால் செயற்கை நூல், அதன்மேல் சூடு படக்கூடாது.

நான் அவளுக்கு எதிர் மேசையில் பொத்தான் தைக்கிறவள், அவள் என்னைக் கூப்பிடுவதும் 'பொத்தான்' என்றுதான். பதினாறு வருஷமாக நிமிர்ந்தால் அவள் முகம்தான். நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு. அதனால்தான் சொல்ல உட்கார்ந்தேன்.

வாலக்காவுக்குக் கல்யாணம் நடக்கவில்லை. கூடப் பிறந்தவள் ஒரே ஒரு தங்கச்சி, இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தாள். அவளுடைய வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. ஒரே மகள். எங்கள் கடைக்குப் பின்னிக் கொடுத்தவர்களில் தங்கச்சியின் கைதான் கை. ஜடை பின்னியதுபோல முறுக்கிக்கொண்டு எழும் வரிகளை அவள் போட்டால் தொட்டுப் பார்க்காமல் யாரும் நகரமாட்டார்கள். ஆனால் வால் ஓட்டச் சொன்னால் மட்டும் அழுதுவிடுவாள். "நான் ஆரம்பிக்கிறேன், நீ முடி" என்று பையை அக்கா மடியில் போட்டுவிட்டுப் போய்விடுவாள். அக்காவும் திட்டிக்கொண்டே முடிப்பாள். திட்டாத நாளில் தங்கச்சி, "என்னடி, உடம்பு சரியில்லையா?" என்று கேட்பாள். அக்காவையே 'டி' போட்டுப் பேசுகிற தங்கச்சி அவள்.

தங்கச்சிக்கு முதலில் வலது கண் போனது. சர்க்கரை வியாதி விழித்திரையைத் தின்றுவிட்டது என்றார் டாக்டர். இடது கண்ணுக்கும் ஒரு வருஷம்தான் கெடு வைத்தார். வீட்டுக்கு வந்தவள் மகளைக் கூப்பிட்டு, "உனக்கு ஒண்ணு போட்டு வைக்கிறேன். அதுக்கப்புறம் ஊசியைத் தொடமாட்டேன்" என்றாள். மகள் அப்போதுதான் வேலையில் சேர்ந்திருந்தாள். முதல் சம்பளத்தில் சாம்பல் நிறத்தில் நூல் வாங்கிவந்து, "சுத்தக் கம்பளிம்மா, கடைக்காரர் சத்தியம் பண்ணாத குறையாச் சொன்னார்" என்றாள்.

பதினொரு மாதம் பின்னினாள். ஜன்னலோரம் வெயில் இருக்கும் நேரத்தில் மட்டும். வெயிலும் போதாமல் போனபோது விரலால் எண்ணிப் பின்னினாள். கடைசித் துண்டைப் பையில் போட்டு அக்காவிடம் கொடுத்தபோது, "இதுதான்டி கடைசி. ஒழுங்கா முடி" என்றாள். அன்றைக்கு அக்கா திட்டவில்லை.

வாலெல்லாம் ஓட்டி, கைத்துண்டுகள் இரண்டையும் தைப்பதற்கு எடுத்து வைத்துவிட்டு, உடம்புத் துண்டுகளைப் பலகையில் போட்டாள். காய்ந்து குண்டூசியை எடுத்ததும் முதுகுத் துண்டு பழையபடி சுருங்கிக்கொண்டது. மறுபடி நனைத்துக் குத்தினாள். மறுபடியும் சுருங்கியது. நிஜக் கம்பளி அப்படிச் செய்யாது. அவளுக்கு அது தெரியாதா? வேறு யாருடைய துண்டாக இருந்தாலும் அந்த நிமிஷமே ஒரு நூலைக் கொளுத்திப் பார்த்திருப்பாள். இதைக் கொளுத்திப் பார்ப்பதென்றால் அந்தப் பெண்ணின் முதல் சம்பளத்தைச் சந்தேகப்படுவதாகிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ. என்னிடம், "கண்ணு தெரியாமப் பயத்துல இறுக்கிப் போட்டுட்டா, பாவம். கொஞ்சம் ஆவி காட்டினா இளகிடும்" என்று சொல்லிவிட்டு இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள்.

ஆவி பட்டதும் துண்டு வெண்ணெய்போல இளகி, இழுத்த இழுப்புக்கு வந்தது. "பாத்தியா பொத்தான், எப்படி அடங்குது பாரு" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். அந்தச் சந்தோஷத்திலேயே முன்பக்கத்தையும் போட்டாள். ஆறின பிறகுதான் தெரிந்தது. கையில் எடுத்தால் நனைந்த பழந்துணிபோலத் தொங்கியது. ஜடைகளெல்லாம் படுத்துவிட்டன. மேலே ஒரு எண்ணெய்ப் பளபளப்பு. உதறினாள், தண்ணீரில் போட்டாள், கசக்கினாள். செயற்கை நூல் ஒரு தடவை சூட்டில் செத்தால் செத்ததுதான். பிரித்து அந்த நூலிலேயே மறுபடி பின்னவும் வழியில்லை.

அப்போதுதான் நறுக்கிப் போட்டிருந்த வாலில் ஒன்றை எடுத்துக் கொளுத்தினாள். சொட்டாக உருகி மேசையில் விழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அழவில்லை. "பதினொரு மாசம்" என்று மட்டும் சொன்னாள்.

அந்த யோசனை என்னுடையது. நான்தான் சொன்னேன். "அக்கா, அதே நூலை வாங்கி நீங்களே முன்னும் பின்னும் போட்டுடுங்க. கை இரண்டும் அவங்க போட்டதே இருக்கு. கண்ணு தெரியாதவங்களுக்கு என்ன தெரியப்போகுது?"

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் வாயிலிருந்து வந்தது, "அந்த நூல் கிடைக்குமா?" என்றுதான்.

கிடைத்தது. நாலு கடை ஏறி இறங்கி நான்தான் வாங்கிவந்தேன். ஊரார் பின்னியதையெல்லாம் ஆயுசு முழுக்க முடித்துக் கொடுத்தவளுக்குப் பின்னவும் தெரியும், ஆனால் அந்தக் கை வராது. சாப்பாட்டு நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் கெட்டுப்போன துண்டை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்துப் பின்னினாள். முதுகுத் துண்டின் மூன்றாவது ஜடையில் ஓரிடத்தில் முறுக்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பியிருந்தது. அதைக் காட்டி, "இந்த இடத்துல தடுமாறியிருக்கா, பாரு" என்றாள். தன்னுடையதில் அதைச் சரியாகப் போட்டாள். முப்பது வருஷமாக அடுத்தவர் தப்பைச் சரிசெய்து பழகிய கை அது. வேறு என்ன செய்யும்?

தங்கச்சி அடிக்கடி போன் செய்தாள். "என்னடி, என்னுது இன்னும் பலகையிலயா கிடக்குது?" என்பாள். கடையில் வேலை தலைக்கு மேல் இருக்கிறது என்று அக்கா சொல்லுவாள். ஒருநாள் நான் எடுத்து அதையே சொன்னேன். அப்படி மூன்றரை மாதம் ஓடியது. அதற்குள் இடது கண்ணும் போய்விட்டது. மகளுக்கு வேலை தூரத்து ஊருக்கு மாறியிருந்தது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. பின்னி முடித்த அன்று அக்கா வீட்டுக்குக் கிளம்பிய பிறகு, கெட்டுப்போன துண்டுகள் இரண்டையும் எடுத்து நான்தான் குப்பைப் பையில் போட்டேன். அவளே போடச் சொன்னாள். போட்டது என் கை.

கொடுக்கப் போன அன்று துணைக்கு என்னையும் அழைத்துக்கொண்டாள். தங்கச்சி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வீடு பாதி மூட்டை கட்டியாகிவிட்டது. மகள் காகிதத்தில் சுற்றிக் கோப்பைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"குடுடி" என்று தங்கச்சி இரண்டு கையையும் நீட்டினாள்.

முதலில் அவள் கைக்குக் கிடைத்தது ஸ்வெட்டரின் கைப்பகுதி. மணிக்கட்டிலிருந்து தோள்வரை தடவிக்கொண்டே போனாள். முகம் மலர்ந்தது. "சும்மா சொல்லக்கூடாது, நல்லாத்தான் போட்டிருக்கேன்" என்று சிரித்தாள். மகளும் சிரித்தாள். நான்கூடச் சிரித்துவிட்டேன். தோள் தையலைத் தாண்டி விரல் உடம்புக்குள் இறங்கியது. அங்கே நின்றது. திரும்பத் தோளுக்கு வந்தது. மறுபடி இறங்கியது. ஸ்வெட்டரைக் குப்புறப் போட்டு, முதுகில் ஜடைகளை இடதுபக்கத்திலிருந்து எண்ணினாள். மூன்றாவதில் விரலை வைத்துக் கீழிருந்து மேலே போனாள். திரும்பக் கீழே வந்தாள். எத்தனை தடவை போய்வந்தாள் என்று எனக்குத் தெரியாது.

"அந்தத் தப்பு எங்கே?" என்று கேட்டாள்.

மகள் கோப்பையைச் சுற்றுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"இதுல ஒரு இடத்துல மாத்தி முறுக்கியிருந்தேன். அன்னைக்குத்தான் கண்ணுக்குள்ள மை கொட்டின மாதிரி ஆச்சு. அப்புறம் விரல்ல பட்டுச்சு. பிரிச்சுச் சரிபண்ணியிருக்கலாம். இருக்கட்டும், இவ போட்டுக்கும்போதெல்லாம் அந்த இடம் இருக்கட்டும்னு விட்டேன். அது எங்கேடி?"

வாலக்கா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள். நூல் கம்பளி இல்லை என்பதை, இஸ்திரி போட்டதை, தானே பின்னியதை. என் பெயரை மட்டும் எடுக்கவில்லை. மகள் கையில் கோப்பையோடு அப்படியே நின்றுவிட்டாள். "பெரியம்மா, நான்தானே நூல் வாங்கினேன்..." என்று ஆரம்பித்தவளை யாரும் கேட்கவில்லை.

"சரி, கெட்டுப்போனது எங்கே? அதைக் குடு."

"இல்லடி."

"இல்லன்னா?"

"தூக்கிப் போட்டாச்சு."

தங்கச்சி ஸ்வெட்டரை மடியிலிருந்து எடுத்துக் கட்டிலில் வைத்தாள். கண் தெரியாத முகம் எங்கே பார்க்கிறது என்று சொல்ல முடியாது. பிறகு நிதானமாகச் சொன்னாள்: "கெடுத்துட்டேன்னு வந்து சொல்லியிருந்தா, நாலு வார்த்தை திட்டிட்டு அந்தக் கெட்டதையே மடியில வச்சிட்டிருந்திருப்பேன். பழந்துணியா இருந்தா என்ன? நான் கடைசியாப் பார்த்தது அதுதானே. குருடிக்கு என்ன தெரியப்போகுதுன்னு நினைச்சுட்டே."

என் வாயிலிருந்து வந்த அதே வார்த்தை. அந்த நிமிஷம் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. சுவரில் ஏதோ இருப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்கா அவளுடைய கையைப் பிடிக்கப் போனாள். தங்கச்சி உதறவில்லை, கோபப்படவில்லை. தன் கையை மெதுவாக எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு மகளிடம், "அந்தக் கை இரண்டையும் பிரிச்சு எடுத்துட்டு மிச்சத்தை அவங்ககிட்டயே குடுத்துடு" என்றாள். மகள் அழுதுகொண்டே தையலைப் பிரித்தாள். அக்கா போட்ட தையல் அவ்வளவு சுலபத்தில் பிரியவில்லை. கடைசியில் அக்காவேதான் கத்தரியை வாங்கிப் பிரித்துக் கொடுத்தாள்.

அந்த வாரமே அவர்கள் ஊர் மாறிப் போனார்கள். அக்கா வழியனுப்பப் போனாள். வண்டி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த தங்கச்சி, மகள் தொட்டுச் சொல்லியும் அந்தப்பக்கம் திரும்பவில்லையாம்.

அதற்குப் பிறகு அக்காவுக்கு வாய் குறைந்துவிட்டது. கத்தரியை யாருக்கும் காட்டுவதில்லை. ஞாயிறுதோறும் காலையில் போன் செய்வாள். "அம்மா குளிக்கிறாங்க பெரியம்மா", "அம்மா படுத்திருக்காங்க பெரியம்மா" என்று அந்தப் பெண் தவித்துக்கொண்டே பதில் சொல்லும். அது பொய் சொல்கிறது என்று அக்காவுக்குத் தெரியும். தெரிந்தும், "சரிம்மா, எழுப்பாதே" என்பாள். எட்டு மாதம் இப்படியே போனது.

ஒரு ஞாயிறு நான் அக்காவின் வீட்டில் இருந்தேன். போனை அந்தப் பெண் எடுக்கவில்லை. தங்கச்சியே எடுத்துவிட்டாள். அக்கா எழுந்து நின்றுகொண்டாள். "நான்தான்டி" என்றாள். அந்தப் பக்கம் ஏதோ இரண்டு வார்த்தை. "ம்... நல்லா இருக்கேன்" என்றாள். மறுபடி ஏதோ ஒன்று. "ம்" என்றாள். அவ்வளவுதான், வைத்துவிட்டாள். அரை நிமிஷம்கூட இருக்காது.

"பேசிட்டாங்களா அக்கா?" என்று ஆவலோடு கேட்டேன்.

"பேசினா" என்றாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். "'நல்லா இருக்கீங்களா'ன்னு கேட்டா. 'உடம்பைப் பாத்துக்குங்க'ன்னு சொன்னா."

"நல்லதுதானே அக்கா?"

"நீங்கன்னுட்டா" என்றாள். "உலகத்துல எல்லாரும் என்னை நீங்கன்னுதான் கூப்பிடுறாங்க. நீயும்தான். டி போட ஒருத்திதான் இருந்தா."

நான் அப்போதாவது, அந்த யோசனை என்னுடையது, நான் போன் போட்டுச் சொல்லிவிடுகிறேன் என்று சொல்ல வந்தேன். அவள் கையமர்த்தினாள். "யோசனை சொன்னவ நீ. பின்னினவ நான். விடு" என்றாள்.

அடுத்த ஞாயிறு அவள் போன் செய்யவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. திங்கட்கிழமை முதலாளியம்மாவிடம் போய், பலகை வேலை இனி வேண்டாம், பார்சல் கட்டுகிற இடத்துக்கு மாற்றிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டாள். முதலாளியம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். இப்போது எதிர் மேசையில் புதிதாக ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், நல்ல பெண்தான். வாலக்கா கூடத்தின் கோடியில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நின்று, முகவரி பார்த்துப் பார்த்து நாடா ஒட்டிக்கொண்டிருக்கிறாள். நிமிர்ந்தால் அங்கிருந்து என் முகம் அவளுக்குத் தெரியாது.