நிற்கச் சொல்லி ஜெபித்த மழை

ஸ்தோத்திரம், சபையாரே. மைக்கைப் பிடிச்சுப் பேசி எனக்குப் பழக்கமில்ல. ஆனாலும் ஆண்டவர் செஞ்சதைச் சொல்லாம இருக்க முடியல.

ஹைடெக் சிட்டியில கண்ணாடிக் கட்டிடமா எழும்பிக்கிட்டிருந்த காலம். எங்க வீட்டுக்காரர் அதே ஊர்ல, நாச்சாரத்துல ஒரு சின்ன ஃபேக்டரியில சூப்பர்வைசர். ஒரு மே மாசக் காலையில அந்த ஃபேக்டரிக் கட்டிடம் அப்படியே உட்கார்ந்துருச்சு. மத்தவங்க ஓடி வெளிய வந்துட்டாங்க. இவங்க மட்டும் உள்ள. நான் போய் நின்னப்போ வெறும் கான்கிரீட் குவியல். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போச்சு. பதிலே இல்ல. போயிட்டாங்கன்னே நெனச்சேன்.

திருமுல்கேரியிலருந்து மிலிட்டரிக்காரங்க வந்தாங்க. சூட்டைப் படமாக் காட்டுற கேமரா ஒண்ணு கொண்டுவந்தாங்க. மனுஷ உடம்புச் சூடு அதுல வெள்ளையாத் தெரியுமாம். ஆனா அன்னைக்கு வெயில்ல கல்லு, கம்பி எல்லாமே கொதிச்சுது. திரை பூரா வெள்ளை. கண்டபடி தோண்டினா மேல இருக்கிறது சரியும். அவங்களும் திகைச்சு நின்னாங்க.

மத்தியானம் வானம் கறுத்துச்சு. எனக்கு உயிரே போச்சு. ஃபேக்டரி ஆளுங்களைக் கெஞ்சி குவியல் மேல தார்பாய் போடவெச்சேன். லோத்குண்டா சபைச் சகோதரிகளோட முழங்கால்ல நின்னு, "ஆண்டவரே, மழையை நிறுத்தும்"னு கதறினேன். கொட்டோ கொட்டுன்னு கொட்டுச்சு. ஆண்டவர்மேல எனக்குக் கோபம்கூட வந்துச்சு.

கேமரா வெச்சிருந்தவர் வேலூர்க்காரர். எங்க ஜெபத்தைக் கேட்டுட்டுத் தமிழ்லயே சொன்னார்: "அக்கா, நிறுத்தச் சொல்லாதீங்க. தார்பாயை எடுக்கச் சொல்லுங்க. நனையட்டும்."

"ஐயோ, உள்ள அவங்க நனைஞ்சிருவாங்களே!"

"கல்லு குளிரணும்க்கா. அவர் உயிரோட இருந்தா, அவர் சூடு மட்டும் தனியாத் தெரியும்."

நானே போய் ஒரு முனையைப் பிடிச்சு இழுத்தேன்.

மழை ஓஞ்சதும் கூப்பிட்டுக் காட்டினார். திரை சாம்பல் நிறமா, அமைதியா, மூடுபனி மாதிரி இருந்துச்சு. ஒரு விரிசல்ல மட்டும் லேசா ஒரு வெள்ளை. வந்துச்சு, மங்குச்சு, திரும்ப வந்துச்சு. "மூச்சுக்கா"ன்னார். சுத்தி இருந்த கூட்டம், சத்தம் ஒண்ணும் காதுல விழல. எங்க நிக்கிறேன்னே மறந்துபோச்சு. அந்த வெள்ளையோட சேர்ந்து நானும் மூச்சு விட்டுக்கிட்டிருந்தேன்.

அங்கேயே தோண்டினாங்க. பொழுது சாயுறதுக்குள்ள தூக்கிட்டாங்க. கால் ஒடிஞ்சிருந்துச்சு. உயிர் இருந்துச்சு. அவங்க என்னைப் பார்த்து மொதல்ல சொன்னது இதுதான்: "நாக்கு அண்ணத்துல ஒட்டிப்போச்சு, ஸ்டெல்லா. அப்புறம் மேலருந்து தண்ணி சொட்டுச்சு. குடிச்சேன்."

ஓன்னு அழுதேன். அந்தத் தண்ணியைத்தான் நான் வேண்டாம்னு ஜெபிச்சிருந்தேன்.

இப்பல்லாம் ஆண்டவருக்கு நான் யோசனை சொல்றதில்ல. கஷ்டத்தைச் சொல்லிட்டுக் காத்திருக்கேன். கேட்டதுக்கு நேர்மாறா நடக்குதேன்னு உங்கள்ல யாராவது கலங்கியிருந்தா, அவரை விட்டுராதீங்க. நான் சொல்றதை நம்ப வேண்டாம். அதோ, கடைசி வரிசையில எங்க வீட்டுக்காரர் உக்காந்திருக்காங்க. அந்தத் தண்ணி எப்படி இருந்துச்சுன்னு அவங்களையே கேளுங்க.