கீழ்ப்பக்கம் நில்லு

என் மாமா ஐஸில் கால் வைத்தவரில்லை. அம்மாவின் தம்பியான அவருக்கு ஐஸ் என்றால் காளப்பநாயக்கன்பட்டி ஜூஸ் கடையில் கிடைப்பதுதான். ஆனாலும் கனடாவில் லாரி ஓட்டும் கூட்டாளி அனுப்பிய ஐஸ் ஹாக்கி வீடியோக்களை போனில் பார்த்துப் பார்த்தே, எங்கள் கொல்லிமலைப் பள்ளியின் பெண்கள் ஹாக்கி அணிக்குத் தன்னைத்தானே கோச்சாக நியமித்துக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லவும் அங்கே ஆளில்லை.

எனக்கு அப்போது ஆறாம் வகுப்பு. பின்னால் நின்று கோலைக் காக்கும் டிபன்ஸ் வேலை. "பந்தையே முறைச்சுப் பாக்காத கண்ணு. வாரவ நெஞ்சைப் பாரு. அவளுக்கும் கோலுக்கும் நடுவுல நில்லு" என்பார். அதுவரை கனடா சரக்கு. அடுத்தது எங்கள் மலைக்கென்று மாமாவே சேர்த்தது: "என்ன ஆனாலும் கீழ்ப்பக்கமே நில்லு."

காரணம் இருந்தது. எங்கள் மைதானம் ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும். யார் எங்கே அடித்தாலும் பந்து கீழ்ப்பக்கத்துக்கே வந்துசேரும். விட்டால் மிளகுக்கொடிகளுக்குள் புகுந்து, காப்பிச் செடிகளைத் தாண்டி, ஓடையில் போய்த்தான் நிற்கும். மஞ்சு இறங்கி மலையை மூடிவிட்டால் தேடவும் முடியாது. இருந்ததோ ஒரே பந்து. அதனால் டிபன்ஸ் மொத்தமும் கீழ்ப்பக்கம் வரிசைகட்டி நிற்போம். அந்தச் சாயங்காலங்களை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது. உலகம் முழுக்க ஹாக்கி இப்படித்தான் ஆடுகிறார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

தலைமையாசிரியருக்கு இதெல்லாம் வெட்டி வேலை. மலையடிவாரக் காளப்பநாயக்கன்பட்டியில் ஒரு மேட்ச் என்றதும், தோற்று வந்தால் மட்டைகள் ஸ்டோர் ரூமுக்குப் போகும், சாயங்காலம் டியூஷன்தான் என்று சொல்லிவிட்டார். வளைவுகளில் பஸ் இறங்கும்போது, வாந்தியெடுத்தவர்கள் போக மீதிப்பேர் சாமி கும்பிட்டுக்கொண்டே வந்தோம்.

அந்த மைதானம் தோசைக்கல் போலச் சமமாக இருந்தது. நாங்கள் வழக்கம்போல ஒரே பக்கமாக ஒதுங்கி, பந்து உருண்டு வரும் என்று காத்து நின்றோம். அது வரவில்லை. காலியாகக் கிடந்த மறுபக்கமாக அந்த ஊர்ப் பிள்ளைகள் புகுந்து கோல் மேல் கோல் போட்டார்கள். மாமாவோ வெளியே நின்று "கீழ்ப்பக்கம்! கீழ்ப்பக்கம்!" என்று தொண்டை கிழியக் கத்தினார். எது கீழ்ப்பக்கம் என்று தெரியாமல் நான் அழுதேவிட்டேன்.

ஆட்டம் முடிந்ததும், அந்த அணியை அழைத்து வந்திருந்த இளம் டீச்சர் மாமாவிடம் வந்தார். முள்ளுக்குறிச்சிக்காரர். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஏனுங்க, உங்க கிரவுண்டு சாய்வுங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றார் மாமா. அவருக்கே அப்போதுதான் உறைத்தது.

"அப்ப இது கணக்குல வராதுங்க. எங்க புள்ளைங்கள அங்க கூட்டிட்டு வாரேன். அதையும் ஆடிப் பாத்துருவோம்."

மட்டைகளின் தலைவிதி அதுவரை தள்ளிவைக்கப்பட்டது. சொன்னபடி ஒரு சனிக்கிழமை வந்தார்கள். மைதானம் முழுக்கப் பரவி அழகாக நின்றார்கள். பந்தும் அழகாக உருண்டு எங்கள் காலடிக்கு வந்தது. ஜெயித்தோம்! தலைமையாசிரியர் மட்டைகளை எங்களிடமே விட்டுவிட்டார். மாமா மட்டும் கோல் விழுந்த திசைக்கே திரும்பாமல், அந்த டீச்சர் நின்ற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு, "சமதரையில எப்படி நிக்கறதுன்னு படிக்கோணும் கண்ணு" என்று சொல்லி, ஞாயிறுதோறும் இஸ்திரி போட்ட சட்டையில் மலையிறங்கினார். எங்களுக்காக இப்படிப் பாடுபடுகிறாரே என்று எனக்குப் பெருமையாக இருக்கும். ஒரு ஞாயிறு நானும் மட்டையோடு பஸ் ஸ்டாப்புக்குப் போய், "நானும் வாரேன் மாமா" என்றேன். அவர் என்னைக் கூட்டிப்போகவே இல்லை. டிபன்ஸில் நிற்பது நான், படித்துவரப் போவது இவரா என்று அழுதுகொண்டே வீடு திரும்பினேன்.

அடுத்த தையில் அந்த டீச்சர் எனக்கு அத்தையாகி எங்கள் வீட்டுக்கு வந்தார். மாமா இத்தனை ஞாயிறு போயும் ஒன்றும் படிக்க முடியாமல்தான், கடைசியில் அவர்களுடைய கோச்சையே கூட்டிவந்துவிட்டார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.